ஏழாவது பலகை

பிப்ரவரி 6

பலகை எழுதும் கடையின் உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் மலைமேல் கடைசி ஊர். மொத்தம் முப்பத்தோரு வீடுகள். அருவியைப் பார்க்க வருகிறவர்களை ஒன்பது வீடுகள் முறை வைத்துத் தங்கவைக்கின்றன. சாப்பாடு, படுக்கை, வழிகாட்டி எல்லாம் ஊரே செய்கிறது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்பதில்லை. இதை நடத்தும் விருந்தினர் குழுவுக்கு நான் செயலாளர்.

ஊரிலிருந்து அருவிக்கு நாலு கிலோமீட்டர் காட்டுப் பாதை. அதில் வைக்க ஆறு தகரப் பலகைகள் வேண்டும். துணி பேனர், பிளாஸ்டிக் பேனர் எதுவும் வேண்டாம். வருகிறவர்களின் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, நாமே மரத்தில் பிளாஸ்டிக்கைத் தொங்கவிட்டால் ஊர் சிரிக்கும்.

வாசகங்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். இரண்டாவது பலகைக்குரியது மட்டும் சற்று நீளம். "இங்கே அட்டைகள் உண்டு. கடித்தால் அலற வேண்டாம், பிய்க்க வேண்டாம், வழிகாட்டியிடம் உப்பு மூட்டை உள்ளது, கேட்டால் தருவார், அதற்காக ஒவ்வொரு அடிக்கும் கேட்க வேண்டாம்." ஒரு சொல்லையும் விட்டுவிடக் கூடாது. எல்லாம் அனுபவப்பட்டு எழுதியது.

ஊரில் போன் எடுக்காது. செவ்வாயும் வெள்ளியும் ஜீப் மேலே வருகிறது. ஜீப்காரரிடம் கடிதம் கொடுத்தால் போதும்.

உங்கள் கடையில் வேலை செய்கிறவர்களில் எழுத்தைக் கோணாமல் எழுதக்கூடியவரிடம் இதை ஒப்படைக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர், விருந்தினர் குழு


பிப்ரவரி 10

செயலாளர் அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை முதலாளி என் மேசையில் போட்டு, "உங்க ஊர்க்காரங்க போல, நீயே பாரு" என்றார். எங்கள் ஊர்தான். கையெழுத்தும் பழகிய கையெழுத்துதான். பள்ளிக்கூடத்தில் எனக்குக் காய்ச்சல் என்று லீவு லெட்டர்கள் எழுதிய அதே கை. எனக்கு வந்த காய்ச்சலைவிட அந்தக் கை எழுதிய காய்ச்சல்கள் அதிகம்.

இரண்டு வருடம் கழித்து வருகிற முதல் கடிதத்தில் என்னை "எழுத்தைக் கோணாமல் எழுதக்கூடியவர்" என்று சொல்லியிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம்.

வேலைக்கு வருகிறேன். இரண்டாவது வாசகத்தை அப்படியே எழுதினால் பலகை ஒரு கதவு அளவுக்கு வரும். அதை நின்று படிக்கிறவனின் காலில் அதற்குள் நாலு அட்டை ஏறிவிடும். "அட்டை கடித்தால் உப்பு கேளுங்கள்" என்று போடுகிறேன். நாலு சொல். பத்தடி தூரத்திலிருந்து தெரிய வேண்டுமானால் எழுத்து மூன்று அங்குலமாவது இருக்க வேண்டும். மீதித் திட்டையெல்லாம் நேரில் நீங்களே திட்டிக்கொள்ளலாம். அதில் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு சந்தேகம். நான் அந்தப் பாதையில் கால் வைக்கக் கூடாது என்று குழுவின் தீர்மானம் இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டது. நான் எழுதிய பலகை மட்டும் போய் நிற்கலாமா? கூடிப் பேசி முடிவு சொல்லவும்.

இப்படிக்கு,
பலகை எழுதுபவன்


பிப்ரவரி 13

தம்பிக்கு,

போதும் உன் அம்மா, அவர்களே எல்லாம். கடைக்கு எழுதும் கடிதத்தை உரிமையாளருக்குத்தான் எழுத முடியும். உனக்குத் தனியாக எழுதினால் நீ பிரிக்க மாட்டாய் என்று பயந்து அப்படி எழுதினேன். போன வருடம் ஜீப்காரரிடம் கொடுத்தனுப்பிய சட்டையைக் கடை வாசலிலேயே திருப்பிக் கொடுத்தவன்தானே நீ.

நாலு சொல்லே போடு. ஆனால் "அலற வேண்டாம்" என்பதை எங்கேயாவது நுழை. போன வாரம் வந்த ஒருவர் அலறிய அலறலில் மரத்திலிருந்த பறவையெல்லாம் கிளம்பிவிட்டது. பறவை பார்க்கவென்று கேமராவோடு வந்திருந்த நாலு பேர் அவரோடு சாப்பாட்டுக்கு உட்கார மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

பலகை நிற்கலாம். நீ நிற்பதைப் பற்றித்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை, ஊர்க் கூட்டம். உன் மேல் போட்ட தடைக்கு இரண்டு வருடம் முடிகிறது. எடுப்பதா, நிரந்தரம் ஆக்குவதா என்று அன்றைக்கு முடிவு. குழுவில் மீசைக்காரர் நிரந்தரம் என்கிறார். கூட நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

நாலு வரி எழுதிக் கொடு. "அன்றைக்கு என் கவனக்குறைவால் கணக்கு டீச்சர் எல்லையைத் தாண்டிப்போய் விழுந்துவிட்டார், வருந்துகிறேன்." இவ்வளவுதான். மீதியை நான் பேசி முடித்துவைக்கிறேன். பத்துப் பேரைக் கூட்டிப்போனவன் நீ. மூச்சு வாங்கிய ஒருவரோடு பின்தங்கி நின்றவனும் நீ. முன்னால் போன டீச்சர் மேல்குட்டைப் பாறையில் வழுக்கி விழுந்து இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்கிவந்தது உனக்கும் தெரியும். இதில் பொய் என்ன இருக்கிறது? ரோஷத்தைக் கொஞ்சம் மடித்து வை.

அம்மா போன பிறகு உனக்குத் தலைவாரி விட்டவள் கேட்கிறேன். வீட்டில் உன் அறையை வாரம் ஒரு முறை பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

வாரம் ஒரு முறைதானா? நீ தினமும் பெருக்குவாய் என்றல்லவா நினைத்தேன்.

என் அறையைச் சொல்கிறேன், கேள். கடைக்கு மேலே. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், டர்பன்டைன் வாசனை. கீழே பகலெல்லாம் பலகை எழுதுகிறேன். நூலில் சாக்பீஸ் தடவி, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் நேர்கோடு விழும். அதன்மேல் எழுத்து. முதல் ஆறு மாதம் அந்தக் கோட்டை மட்டும்தான் போடவிட்டார் முதலாளி. இப்போது பல் டாக்டர், தையல் கடை, நாய் ஜாக்கிரதை எல்லாம் என் கைதான். பிழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் மழை நாளில் படிக்கட்டில் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டால் வேலை ஓடாது. அவ்வளவுதான்.

நாலு வரி விஷயம். வருந்துகிறேன் என்று நாலு பக்கம்கூட எழுதுவேன். ஆனால் நீ சொல்கிற வரி அப்படியே குழுவின் அறிக்கையில் இருக்கிற வரி. "எல்லை மரத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தும், வழிகாட்டி கவனிக்காததால் விருந்தினர் அதைத் தாண்டிச் சென்றார்." கிளம்பும்போதே பத்துப் பேரையும் நிற்கவைத்து நான் சொன்னேன்: "போற வழியில, அருவிப் பக்கம் திரும்புற இடத்துல, மரத்துல சிவப்புத் துணி கட்டியிருக்கும். அதுக்கு அந்தப் பக்கம் ஒரு அடிகூட வைக்கக் கூடாது." டீச்சர் தலையாட்டினார். பிறகு கட்டிலில் படுத்துக்கொண்டு அவ்வளவு வலியிலும் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "துணி இல்லப்பா. நான் பார்த்துக்கிட்டேதான் வந்தேன். துணியே இல்ல." ஊர் அதைப் பொய் என்றது. விசாரணைக்கு வந்தவர்கள் போய்ப் பார்த்தபோது துணி மரத்தில் இருந்தது.

நான் கையெழுத்துப் போட்டால் அந்த அம்மா பொய்க்காரி என்று நானும் சொன்னதாக ஆகும். என்னால் முடியாது.

இன்னொன்று. ஆறு பலகைதான் கேட்டிருக்கிறாய். எல்லை மரத்துக்கு ஒன்று வேண்டாமா?

தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

எல்லை மரத்துக்குத் துணியே போதும். சிவப்பு எந்த ஊர்க்காரருக்கும் புரியும். பலகை என்றால் படிக்க வேண்டும், நம் ஆட்கள் எங்கே படிக்கிறார்கள்? துணி பழசாகிவிட்டது, மாற்று என்று நம் ஊர்க் கடைக்காரர் மனைவி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான் மாற்றவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

இங்கே தலைக்கு மேல் வேலை. ஒரு குடும்பம் வந்து, "அருவியை எத்தனை மணிக்கு மூடுவீங்க?" என்று கேட்டது. உன் மாமா முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "அஞ்சு மணிக்குங்க, அதுக்கு மேல தண்ணி விட மாட்டோம்" என்றார். அவர்களும் நம்பி நாலே முக்காலுக்கெல்லாம் குளித்து முடித்துத் துவட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வெளிச்சத்தில் எல்லோரும் ஊர் திரும்பியது அன்றைக்குத்தான்.

வேறொரு விஷயமும் உண்டு. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமைக்கு ஒரு முன்பதிவு வந்திருக்கிறது. அதே கணக்கு டீச்சர். கைத்தடி வைத்துக்கொண்டு நடக்கிறாராம். அருவியைப் பார்க்காமலே போய்விட்டேன், மெதுவாக நடக்க ஒரு வழிகாட்டி கிடைத்தால் வருகிறேன் என்று எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "இப்போதெல்லாம் அந்த மரத்தில் துணி கட்டுகிறீர்களா?"

குழுவில் வாசித்தேன். "அந்தப் பொய்க்காரம்மா மறுபடியும் எதுக்கு? இடமில்லைன்னு எழுதிப் போடுங்க" என்றார் மீசைக்காரர். இன்னும் பதில் எழுதவில்லை. அன்றைய முறை யார் வீடு என்று பார்த்தேன். நம் வீடு. முறையை யாரும் மாற்றிக்கொள்ளக் கூடாது என்று விதி வைத்ததும் நான்தான்.

உன் நாலு வரி இன்னும் வரவில்லை.

அக்கா


மார்ச் 6

அக்கா,

பலகைகள் ஆறும் இந்த ஜீப்பில் வருகின்றன. பழைய போர்வையில் சுற்றியிருக்கிறேன். போர்வையைத் துவைக்க வேண்டாம், அது கடைச் சொத்து, பெயின்ட் கறையோடு திரும்பி வந்தால்தான் முதலாளிக்கு அடையாளம் தெரியும். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்டிருக்கிறேன், கம்பியால் தூணில் கட்டுங்கள். "அலற வேண்டாம்" ஐந்தாவது பலகையில் இருக்கிறது, சின்ன எழுத்தில்.

ஏழாவதும் ஒன்று எழுதிவிட்டேன். நீ கேட்கவில்லை, நானாக எழுதினேன். சிவப்புப் பூச்சு, வெள்ளை எழுத்து. "எல்லை. இதற்கு மேல் பாறை வழுக்கும். திரும்புங்கள்." மூன்று முறை பூச்சுக் கொடுத்திருக்கிறேன், பத்து மழைக்காலம் தாங்கும்.

துணியே போதும் என்று எழுதியிருந்தாய். துணியைத் துவைக்கலாம், அக்கா. பலகையைத் துவைக்க முடியாது.

டீச்சருக்கு இடமில்லை என்று எழுதிவிடாதே.

தம்பி


மார்ச் 20

பலகை எழுதும் கடைக்கு,

ஆறு பலகைகள் வந்து சேர்ந்தன. எழுத்து நன்றாக இருக்கிறது. மூன்றாவது பலகையில் ஓட்டை ஓரத்துக்கு மிக அருகில் இருப்பதால் கம்பி கட்டும்போது தகரம் வளைகிறது. அடுத்த முறை கவனிக்கவும்.

ஏழாவது பலகை நாங்கள் கேட்டதல்ல. இத்துடன் திருப்பி அனுப்புகிறோம். போர்வையும் வருகிறது.

இப்படிக்கு,
செயலாளர், விருந்தினர் குழு


மார்ச் 24

அக்கா,

பலகையை இறக்கும்போது ஜீப்காரர் சொன்னார்: "உங்க அக்கா இதைத் திருப்பி ஏத்தும்போது கண்ணெல்லாம் செவந்து இருந்துச்சு. கேட்டா புகைன்னாங்க. அடுப்பு பின்னாடி இருக்கு, இவங்க முன்வாசல்ல நிக்கிறாங்க. ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருந்து சண்டை போட்டா எனக்கு டீசல் மிச்சம்." அவர் பிழைப்பே மேலே கீழே போவதுதான், அதை மறந்துவிட்டுப் பேசுகிறார்.

இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

டீச்சர் விழுந்ததும் கட்டிலுக்காக நான் வீட்டுக்கு ஓடிவந்தேன். நீ அடுப்படியில் இருந்தாய். பின்வாசலில் கட்டிலைத் தூக்கித் திருப்பும்போது கொடியில் ஏதோ முகத்தில் பட்டது. மாமாவின் இரண்டு சட்டைக்கு நடுவில் சிவப்புத் துணி. சோப்பு வாசனையோடு, இரண்டு கிளிப் போட்டு, சுருக்கமில்லாமல் காய்ந்துகொண்டிருந்தது.

அப்போது எதுவும் யோசிக்க நேரமில்லை. டீச்சரை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தேன். நீ வீட்டில் இல்லை. துணியை எடுத்துக்கொண்டு போய் மரத்தில் கட்டினேன். ஏன் கட்டினேன் என்று இன்றைக்கும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. நாளைக்கு விசாரணை என்று வருகிறவர்கள் கண்ணில் வெறும் மரம் பட்டால் முதலில் உன்னைத்தான் கேட்பார்கள் என்று மட்டும் தோன்றியது. கட்டி முடித்துப் பாதி தூரம் இறங்கி வந்த பிறகுதான் உறைத்தது. துணி அங்கே இருந்தது என்று ஆகிவிட்டால் டீச்சர் பொய் சொன்னார் என்று ஆகும், நான் கவனிக்காமல் விட்டேன் என்று ஆகும். திரும்பிப் போய் அவிழ்த்திருக்கலாம். போகவில்லை.

கூட்டத்தில் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். அக்கா எழுந்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ தலை நிமிரவே இல்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாய். என் தடையைக்கூட நீதான் எழுதினாய், ஓரம் விட்டு, அடிக்கோடு போட்டு. கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறைய இருக்கிறது.

என் தப்பும் ஒன்று உண்டு. விருந்தினரைக் கூட்டிப்போவதற்கு முன் காலையில் ஒரு முறை பாதையைப் பார்த்து வருவது வழிகாட்டியின் வேலை. அன்றைக்கு நான் போகவில்லை. சோம்பல். போயிருந்தால் வெறும் மரத்தைப் பார்த்திருப்பேன். அதற்காக வருந்துகிறேன் என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். நாலு வரிதான். நீ கேட்ட நாலு வரி அல்ல. கூட்டத்தில் படிப்பதானால் படி.

தம்பி


ஏப்ரல் 3

தம்பி,

உன் கடிதம் பத்து நாளாக அரிசி டின்னுக்குள் கிடக்கிறது. சமைக்கப் போகும்போதெல்லாம் கையில் படுகிறது. நானாகத்தான் அங்கே வைத்தேன்.

டீச்சர் விழுந்த அன்று காலையில் அதிகாரிகள் நம் ஊர்த் திட்டத்தைப் பார்வையிட வருகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஊரையே இரண்டு நாள் பெருக்க வைத்தேன். கடைசியாகப் பாதையை ஒரு முறை பார்ப்போம் என்று முந்தின நாள் சாயங்காலம் நடந்தபோது அந்தத் துணி கண்ணில் பட்டது. பாசி, மண், பறவை எச்சம். அதிகாரிகள் அருவியைப் பார்க்க வரும்போது இப்படி ஒரு கந்தலா தொங்குவது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவிழ்த்துக் கொண்டுவந்து துவைத்தேன். இரண்டு முறை சோப்புப் போட்டேன். காலையில் மேகமூட்டம், ஈரம் போகவில்லை. ஈரத்தோடு கட்டினால் மறுபடி மண் ஒட்டும் என்று விட்டுவைத்தேன். சாப்பாடு முடித்துவிட்டுப் போய்க் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். பத்து விருந்தினர், மூன்று அதிகாரிகள், அடுப்படியில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறந்தே போனேன். அபாயம் என்று கட்டின துணியை அழுக்கென்று அவிழ்த்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

அன்று சாயங்காலம் பின்வாசலுக்கு வந்தேன். இரண்டு சட்டைக்கு நடுவில் இரண்டு கிளிப் மட்டும் இருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று உன்னிடம் இரண்டு வருடம் நடித்தேன். பிப்ரவரியில் நாலு வரி எழுது என்று கேட்டபோதும் நடித்தேன். அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். ஒரு பெண் செயலாளராக வந்ததே சிலருக்கு ஆகவில்லை. என் பேரில் தப்பு என்றால் குழுவையே கலைத்துவிடுவார்கள், ஒன்பது வீட்டுப் பிழைப்பும் போய்விடும். நீ ஆம்பிளை, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாய். இப்படித்தான் சொல்லிக்கொண்டேன். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அது இல்லை. பயந்துவிட்டேன். சுத்தம் சுத்தம் என்று ஊரையே திட்டித் தீர்க்கிறவள், அந்தச் சுத்தத்தாலேயே ஒருத்தி காலை முறித்துவிட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால் தலையைக் குனிந்து எழுதினேன். எழுதிக்கொண்டிருந்தால் யாரும் நம்மிடம் கேட்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தத் துணியை நான் தொட்டதில்லை. அந்தப் பக்கம் போனால் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நடக்கிறேன்.

உன் மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் தேதி என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சொல்லிவிடுவேன் என்று எழுதிவிட்டு அன்றைக்குச் சொல்லாமல் போனால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அதனால் எழுதவில்லை.

அக்கா


ஏப்ரல் 7

அக்கா,

"நீ சொல்லாவிட்டாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்" என்று எழுதினேன். திரும்பப் படித்துப் பார்த்து அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்வேன்.

கூட்டத்தில் வாய் வராவிட்டால் டீச்சருக்காவது ஒரு கடிதம் எழுது. நான் இங்கே பிழைத்துக்கொள்வேன், அதை நீ சரியாகத்தான் சொன்னாய். அவர்தான் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு இரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். துணி கட்டுகிறீர்களா என்று அவர் கேட்டது உங்களைக் குத்திக்காட்ட இல்லை. அன்றைக்கு நிஜமாகவே பார்க்காமல் விட்டேனா என்று தெரிந்துகொள்ளத்தான்.

அரிசி டின்னிலிருந்து என் கடிதத்தை எடுத்துவிடு. மாமா என்றைக்காவது சோற்றில் அதைச் சாப்பிட்டுவிடப் போகிறார்.

தம்பி


ஏப்ரல் 13

தம்பி,

நேற்றுக் கூட்டம் நடந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், குறிப்பேடு எழுதிப் பழகிய கை.

பள்ளிக்கூட வராந்தாவில் கூடினோம். நாற்பத்தேழு பேர். முதலில் பாதை மராமத்து. அப்புறம் நாய்கள் விருந்தினரின் செருப்பைத் தூக்கிக்கொண்டு போகும் பிரச்சினை, இதற்கே முக்கால் மணி நேரம். மூன்றாவது உன் தடை. மீசைக்காரர் எழுந்து, "ஒரு தடவை தூங்கினவன் மறுபடியும் தூங்க மாட்டான்னு என்ன நிச்சயம்?" என்றார். செயலாளர் கருத்து என்ன என்று கேட்டார்கள்.

உன் நாலு வரியை முதலில் வாசித்தேன். அப்புறம் குறிப்பேட்டை மூடிக் கடைக்காரர் மனைவி கையில் கொடுத்தேன். அது என் கையில் இருந்தால் மறுபடியும் குனிந்துவிடுவேன் என்று தெரியும். "டீச்சர் பொய் சொல்லல. அன்னைக்கு மரத்துல துணி இல்ல. நான்தான் அவிழ்த்துட்டு வந்து துவைச்சுக் காயப்போட்டேன். என் தம்பி அதைப் பார்த்துட்டு எனக்காக எடுத்துட்டுப் போய்க் கட்டினான். எனக்கு அன்னைக்கே தெரியும்." இவ்வளவுதான் சொன்னேன்.

பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண், "துவைச்சாங்களா?" என்று கேட்டாள். ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்தது மீசைக்காரர். அடுத்த நிமிஷமே அவர்தான் அதிகமாகக் கத்தினார். ரெண்டு வருஷம் ஒருத்தனை ஊரைவிட்டுத் துரத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாயா என்றார். ஆமாம் என்றேன். உன் மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

முடிவுகள். உன் தடை எடுக்கப்பட்டது. எதிர்ப்பு யாரும் இல்லை, மீசைக்காரரும் கை தூக்கினார். நான் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினேன், ஏற்றுக்கொண்டார்கள், யாரும் இருக்கச் சொல்லவில்லை. இனி கடைக்காரர் மனைவி செயலாளர். குழுவைக் கலைக்கவில்லை. நான் இவ்வளவு நாள் பயந்தது நடக்கவே இல்லை. இனி வாரத்தில் மூன்று நாள் பாதையைப் பெருக்குவது என் வேலை. தண்டனை என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார்கள், பாவம்.

மாமா சாயங்காலம் வந்தார். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். இன்று காலையில், "அவன் அறையில பல்பு எரியல, மாத்தணும்" என்றார்.

டீச்சருக்கு நான் எழுதிவிட்டேன். புதிய செயலாளர் வாசித்துப் பார்த்து, ஒரு வரியும் மாற்றாமல் முத்திரை போட்டாள். நடந்தது முழுவதும் அதில் இருக்கிறது. வருவதும் வராததும் இனி அவர் இஷ்டம்.

ஏப்ரல் 24-ஆம் தேதி வந்தால் அவருக்கு வழிகாட்டியாக உன் பெயரைப் போட்டிருக்கிறார்கள். மெதுவாக நடக்க வேண்டும். கடை வேலையை விட்டுவிட்டு வா என்று நான் கேட்கவில்லை, அந்த ஒரு தடவை வா. மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏழாவது பலகையைக் கொண்டுவரச் சொல்லிக் குழு தீர்மானம் போட்டிருக்கிறது. பலகை வந்ததும் அந்தப் பழைய துணியை அவிழ்த்துவிடலாம் என்கிறார்கள். இன்று பெருக்கப் போனபோது இரண்டு வருடத்தில் முதல் முறையாக அதை நேராகப் பார்த்தேன். நீ போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. துணி கண்ணால் பார்க்கச் சகிக்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

முதலாளியிடம் நாலு நாள் லீவு கேட்டேன். "காய்ச்சலா?" என்றார். இல்லை, ஊருக்கு என்றேன். இரண்டு வருடத்தில் நான் கேட்கும் முதல் லீவு என்பதால் ஆறு நாளாகக் கொடுத்துவிட்டார்.

டீச்சரின் பதில் உங்களுக்கு இந்த ஜீப்பிலேயே வரும். ஜீப்காரர் எனக்கு உறையை மட்டும் காட்டினார், பிரிக்கவில்லை. முன்சீட்டில் தனக்கு இடம் வேண்டும் என்று அந்த அம்மா அவரிடம் சொல்லியனுப்பியிருக்கிறாராம். ஆக வருகிறார். வெள்ளிக்கிழமை அவரும் நானும் ஒரே ஜீப்பில் மூன்று மணி நேரம். என்ன பேசுவது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கணக்கு வேறு எனக்கு வராது.

வியாழக்கிழமையே பலகையைப் போர்வையில் சுற்றிவிடுவேன். தூணில் கட்டக் கம்பி வாங்கி வை. சனிக்கிழமை விடிந்ததும் முதலில் நான் மட்டும் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வருகிறேன், அப்புறம் அவரைக் கூட்டிப்போகிறேன். நீயும் கூட வா. அவர் உன்னைத் திட்டினால் வாங்கிக்கொள். நானும் பக்கத்தில் நிற்பேன்.

ஒன்று மட்டும் குழுவிடம் சொல்லிவிடு. பலகை வந்தாலும் துணியை அவிழ்க்க வேண்டாம். அன்றைக்கு அவர் அத்தனை தூரமும் மரம் மரமாகப் பார்த்துக்கொண்டு வந்தது அதைத்தான். இந்த முறை கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பட்டும்.

நீ அந்தப் பக்கம் பெருக்கப் போகும்போது கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். அழுக்காகவே இருக்கட்டும், அக்கா.

தம்பி